ஆர்ச்சுக்கு வெளியே நின்ற டேங்க்

எட்டு வருஷம் திருச்சிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில், அதாவது இரும்பை வெட்டி வெல்டு செய்து டேங்க் கட்டும் பட்டறையில் இருந்துவிட்டுத்தான், டேங்க் நிற்கப்போகும் இடத்துக்கே, கங்கைகொண்டான் பக்கத்து சைட்டுக்கு வந்தேன். ஷாப் வேலைதான் வேலை, சைட்டில் நடப்பதெல்லாம் ஒட்டுப்போடுவது என்ற நினைப்பு எனக்கு உண்டு. ஒரு அம்மன் கோவில் கொடைத் திருவிழாதான் அதை முதலில் அசைத்தது.

சைட் இருந்த வளாகத்துக்கு இரண்டு டேங்க். சின்னது நாலு மீட்டர் விட்டம். ஷாப்பிலேயே முழுசாக முடித்து, பெயின்ட் அடித்து, தாழ்வான டிரெய்லரில் படுக்க வைத்து அனுப்பினார்கள். நாலுவழிச் சாலையில் மேம்பாலங்களுக்கு அடியிலெல்லாம் ஒழுங்காக நுழைந்து வந்தது. சைட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது ஊர் முகப்பில் சீரியல் பல்பு போட்ட ஆர்ச். ரூட் சர்வே எடுத்தபோது அது அங்கே இல்லை. “கொடை முடியாம பிரிக்க முடியாது அண்ணாச்சி, சாமி காரியம்” என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. இரண்டு நாள் டேங்க் வேப்பமரத்தடியில் நின்றது. டிரைவருக்குக் கோவிலில் சாப்பாடு. சின்னப் பையன்கள் டேங்கைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்படித்தான் எது ஷாப், எது சைட் என்பதைப் பெரும்பாலும் ரோடு முடிவு செய்கிறது. நம் ஊரில் சாதாரண லாரியின் அகலம் 2.6 மீட்டர். அதைத் தாண்டினாலே தனி அனுமதி வேண்டும். டேங்க் கட்டுவதற்கான அமெரிக்க விதித்தொகுப்பான ஏபிஐ 650 கோடு, ஷாப்பில் முழுசாகச் செய்யும் டேங்குக்கு 6 மீட்டர் விட்டம் வரைதான் இடம் கொடுக்கிறது. எங்கள் பெரிய டேங்க் 20 மீட்டர் விட்டம், 12 மீட்டர் உயரம். எந்த ஆர்ச்சுக்குள் நுழையும்?

ஷாப்பில் டேங்கை ரோட்டேட்டர் உருளைகள்மேல் வைத்துச் சுற்றுவோம். வெல்டர் நின்ற இடத்தில் நிற்பார், ஜாயின்ட் அவரைத் தேடி வரும். தானாக வெல்டு போடும் சப்-ஆர்க் மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சைட்டில் அந்தச் சொகுசு கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். ஃபோர்மேன் அண்ணாச்சி முதலில் கூரையையும் மேல் வளையத்தையும் தரையிலேயே கட்டினார். அதை ஹைட்ராலிக் ஜாக்குகளால் தூக்கி, அடியில் அடுத்த வளையத்தைச் சொருகினார். இப்படியே எட்டு வளையம். கடைசியில் போட்ட வளையம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் நிற்கிறது. வெல்டர் தரையை விட்டு ஏறவே இல்லை. ஷாப்பில் டேங்க் சுற்றுகிறது, இங்கே டேங்க் மேலே போகிறது, அவ்வளவுதான்.

ஆனால் காற்று. ஆனி, ஆடியில் கயத்தாறு பக்கம் வீசும் காற்றைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும். சிஓ2 வெல்டிங் செய்தால் வெல்டை மூடிக் காக்கும் கேஸ் பறந்துவிடும், வெல்டில் பொத்தல் பொத்தலாக விழும். அதனால் எல்லாம் கையால் ராட் வெல்டிங்தான். ஈரம் ஆகாத 7018 ரக ராடைச் சூட்டடுப்பில் காயவைத்து, சூட்டோடு கையிலெடுத்து, தகரமும் தார்ப்பாயும் மறைப்பாகக் கட்டிக்கொண்டு செய்தோம். ஜாக்கில் தொங்கும் டேங்க் சுவரைக் காற்றில் தூக்குவது தற்கொலை மாதிரி. அண்ணாச்சியிடம் காற்றை அளக்கும் கருவி இருந்தது. ஆனாலும் விடியற்காலை டீயோடு வெளியே வந்து, “காத்தாடி சுத்துதாலே?” என்று தூரத்துக் காற்றாலையைப் பார்த்த பிறகுதான் ஜாக் பக்கம் போவார். செங்குத்துப் பார்ப்பதும் அந்த நேரத்தில்தான். வெயில் ஏறினால் கிழக்குப் பக்கம் விரிந்து, நேராக நிற்கும் சுவர்கூடச் சாய்ந்ததாகக் காட்டும். 12 மீட்டருக்கு 60 மில்லிமீட்டர்வரை சாய்வுக்கு அனுமதி உண்டு, அதை வெயிலுக்குத் தானம் கொடுக்க அவருக்கு மனசில்லை.

என் ஷாப் பெருமை உடைந்த இடம் வேறு. பிளேட்டுகளை வெட்டி, ஓரம் சீவி, ரோல் செய்து அனுப்பியது நாங்கள்தான். வளையத்துக்குப் பத்து, மொத்தம் எண்பது. ஷாப்பில் டெம்ப்ளேட் வைத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றும் அச்சாக உட்கார்ந்தது. ஆனால் ஒரு லோடு மட்டும் வளைவுக்கேற்ற தாங்கி இல்லாமல் தட்டையாக அடுக்கி ஏற்றப்பட்டது. வழியெல்லாம் அடியிலிருந்த பிளேட்டுகள் எடை தாங்காமல் விரிந்திருக்கின்றன. இங்கே நிறுத்தி வெல்டு போட்டதும் செங்குத்து ஜாயின்ட் மூக்கு மாதிரி வெளியே தள்ளியது. ஃபிட்டர் வளைவைச் சரிபார்க்கும் 900 மில்லிமீட்டர் அச்சுப்பலகையை, ஸ்வீப் போர்டை, வைத்தார். 18 மில்லிமீட்டர் இடைவெளி. அனுமதி 13. “இது உங்க ஷாப் பிளேட்டுதானே சார்?” என்று மட்டும் கேட்டார். மூன்று ஜாயின்டைத் திறந்து திரும்பச் சேர்க்க ஆறு நாள் ஆயிற்று. இப்போதெல்லாம் பிளேட் எப்படி வந்தது என்று கேட்பதற்கு முன்னால், எதன்மேல் வந்தது என்றுதான் கேட்கிறேன்.

இதற்காக ஷாப்பை ஒதுக்கவும் முடியாது. டேங்கின் அடியில், தரையோடு ஒட்டி வரும் கிளீன்-அவுட் கதவை (சுத்தம் செய்யத் திறப்பது) அதன் சுவர்ப் பிளேட்டோடு சேர்த்து வெல்டு செய்து, ஃபர்னஸில் ஏற்றி, வெல்டிங்கால் இரும்புக்குள் தங்கிய இறுக்கத்தை இறக்க வேண்டும். கரிசல் காட்டுக்கு நடுவே அதற்கு ஃபர்னஸ் எங்கே போவது? லாரியில் ஏறுவது எதுவோ, அதை ஷாப்பிலேயே முடித்துவிடுவது நல்லது.

கடைசியில் ஹைட்ரோ டெஸ்ட், தண்ணீர் நிரப்பிச் சோதிப்பது. ஷாப் யார்டில் ஒரு டேங்கின் தண்ணீரையே அடுத்த டேங்குக்கு மாற்றிக்கொள்வோம். இங்கே கிட்டத்தட்ட 37 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் வேண்டும். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் 314 நடை. தினம் இருபது நடை என்று பதினாறு நாள் ஓடியது. எனக்கு எரிச்சல். அண்ணாச்சிக்குச் சந்தோஷம்: கரிசலைத் தோண்டியெடுத்து கிராவல் போட்ட தரை, மெதுவாக நிரப்பினால் மெதுவாக அமுங்கும். சுற்றிலும் எட்டுப் புள்ளியில் தினமும் லெவல் எடுத்தோம்.

நிரம்பி நின்றபோது ஒரு பெரியவர் கேட்டுக்கு வந்து, “தண்ணிய என்ன செய்யப் போறீய?” என்று கேட்டார். புரட்டாசி தொடக்கம், குளம் காய்ந்து கிடந்தது. சாம்பிளை லேபுக்கு அனுப்பிப் பார்த்து, துருவைப் படியவிட்டு, ஹோஸ் போட்டு மூன்று நாள் இறைத்தோம். நாலாம் நாள் காலையில் போனபோது, பள்ளமான மூலையில் முழங்கால் தண்ணீரில் இரண்டு எருமைகள் கிடந்தன.