சிடி டிரைவ் கிடையாது, பென்டிரைவில் பூட் ஆகாது: லேன் கேபிள் வழியாக டெபியன் நிறுவிய அனுபவம்

எடை குறைய வேண்டும் என்பதற்காகவே சிடி டிரைவ் இல்லாமல் வந்த 12 அங்குல லேப்டாப்கள் ஒரு காலத்தில் உண்டு. பெரியப்பாவிடம் இருப்பது அந்த ரகம். பென்டியம் எம் பிராசசர், 1 ஜிபி ராம். உள்ளே இருந்த விண்டோஸ் எக்ஸ்பி ஒருநாள் கருப்புத் திரையோடு நின்றுவிட்டது. "கீபோர்டு இன்னும் புதுசு மாதிரி இருக்குடா, தூக்கிப் போட மனசு வரல. தமிழ்ல டைப் பண்ற அளவுக்கு ஆக்கிக் கொடு, போதும்" என்று என்னிடம் கொடுத்தார்.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே முழுக்குப் போட்டுவிட்டது. லினக்ஸ்தான் வழி, பிராசசர் பழையது என்பதால் அதிலும் 32-பிட் வகை. ஆரம்பகால பென்டியம் எம் சில்லுகளில் இன்னொரு வம்பு இருக்கிறது. பிஏஇ என்ற நினைவக வசதி தன்னிடம் இருப்பதை அவை வெளியே சொல்வதில்லை. அதனால் பல லினக்ஸ் வகைகள் 'உங்கள் பிராசசரில் பிஏஇ இல்லை' என்று சொல்லித் தொடக்கத்திலேயே நின்றுவிடும். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 12-ம் பதிப்பில் பிஏஇ கேட்காத 32-பிட் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கிறது. எனவே அதையே எடுத்துக்கொண்டேன்.

அடுத்து, அதை எப்படி உள்ளே ஏற்றுவது? கணினியைத் தொடங்கியதும் முதலில் ஓடும் பயாஸின் பூட் பட்டியலில் யுஎஸ்பி ஃப்ளாப்பி இருக்கிறது, யுஎஸ்பி சிடி இருக்கிறது, பென்டிரைவ் மட்டும் இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது, "வெளியே மாட்டுகிற டிவிடி டிரைவ் ஒன்று வாங்கிவிடு." ஒரே ஒரு வேலைக்காக அதையும் வாங்கி, எழுதுவதற்கு சிடியையும் தேடி அலைய எனக்கு விருப்பமில்லை. ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி நிறுவலாம் என்று பார்த்தால், அது 1.8 அங்குல டிஸ்க். அதற்கான கன்வெர்ட்டரை சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தபோது "ஆர்டர் போட்டா வரும் சார்" என்றார்கள். இத்தனைக்கும் பக்கவாட்டில் லேன் போர்ட் ஒன்று சும்மா கிடந்தது.

நெட்வொர்க் பூட் என்றாலே சர்வர் அறைக்காரர்கள் சமாச்சாரம் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. அப்படியெல்லாம் இல்லை. பிஎக்ஸ்இ என்ற இந்த முறையை இன்டெல் 1990களின் இறுதியிலேயே வகுத்துவிட்டது. லேன் சில்லோடு வரும் சிறு நிரல், "எனக்கு ஒரு ஐபி முகவரி வேண்டும்" என்று கேபிளில் கூவும். பதில் சொல்லும் கணினி முகவரியோடு ஒரு கோப்பின் பெயரையும் சேர்த்துச் சொல்லும். அந்தக் கோப்பை டிஎஃப்டிபி என்ற எளிய முறையில் இறக்கி நினைவகத்தில் வைத்து ஓட்டும். அவ்வளவுதான். டிஸ்கும் வேண்டாம், சிடியும் வேண்டாம். ஆனால் வைஃபையில் இது நடக்காது, கேபிள் கட்டாயம்.

பதில் சொல்லும் கணினியாக லினக்ஸ் மின்ட் ஓடும் என்னுடைய லேப்டாப்பை வைத்துக்கொண்டேன். நெட்வொர்க் மேனேஜரில் கேபிள் இணைப்பின் ஐபிவி4 அமைப்பை 'மற்ற கணினிகளோடு பகிர்தல்' என்று மாற்றினால், என் வைஃபை இணையம் கேபிள் வழியாக அடுத்த கணினிக்கும் போகும். இந்தப் பகிர்வுக்காக அது பின்னணியில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலைத் தானாகவே ஓட்டுகிறது. பலருக்குத் தெரியாதது என்னவென்றால், அந்த டிஎன்எஸ்மாஸ்குக்கு நாமும் கட்டளை சேர்க்கலாம். இடிசி ஃபோல்டருக்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் 'டிஎன்எஸ்மாஸ்க்-ஷேர்டு.டி' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் ஒரு சிறு கோப்பு, மூன்றே வரிகள்: டிஎஃப்டிபியை இயக்கு, கோப்புகள் இந்த இடத்தில் இருக்கின்றன, முதலில் கொடுக்க வேண்டியது பிஎக்ஸ்இலினக்ஸ்.0 என்ற தொடக்கக் கோப்பு. தனி சர்வர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. டெபியன் தளத்தில் 32-பிட்டுக்கான நெட்பூட் தொகுப்பை இறக்கி அந்த இடத்தில் பிரித்து வைத்தால், பிஎக்ஸ்இலினக்ஸ், கெர்னல், நிறுவி எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இதை வீட்டு ரவுட்டரோடு அல்லது அலுவலக நெட்வொர்க்கோடு சேர்த்துச் செய்யாதீர்கள். முகவரி கொடுக்க இரண்டு பேர் போட்டி போட்டால் மற்றவர்கள் இணைப்பும் குழம்பும், அட்மின் உங்களைத் தேடி வருவார். தனிக் கேபிளில் செய்தால் தொல்லை இல்லை.

பயாஸில் லேன் பூட் ரோமை இயக்கி, எஃப்12 அழுத்தி லேனைத் தேர்ந்தெடுத்தேன். பயாஸ் அமைப்பை நினைவில் வைக்கும் சீமாஸ் பேட்டரி செத்துவிட்டதால் சார்ஜரைப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் பயாஸ் பழைய நிலைக்கே போனது தனி எரிச்சல். ஒரு சிஆர்2032 பேட்டரி மாற்றிவிட்டு ஆரம்பிப்பது உத்தமம்.

முதலில் வந்தது பிஎக்ஸ்இ-ஈ51. முகவரி தர யாரும் இல்லை என்று பொருள். காரணம் வேடிக்கையானது. இரண்டு லேப்டாப்பையும் நேராக ஒரே கேபிளில் இணைத்திருந்தேன். பழையது ரீஸ்டார்ட் ஆகும்போது கேபிளில் உயிர் போய்விடுகிறது. உடனே என் பக்கம் நெட்வொர்க் மேனேஜர் பகிர்வையே நிறுத்திவிட்டு, மறுபடி உயிர் வந்த பிறகுதான் தொடங்குகிறது. அதற்குள் பழையது கேட்டு அலுத்துப்போய் விட்டுவிடுகிறது. நடுவில் ஐந்து போர்ட் உள்ள சின்ன நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றை வைத்ததும் சரியானது. சுவிட்ச் எப்போதும் உயிரோடு இருப்பதால் என் பக்கம் இணைப்பு அறுவதில்லை.

அடுத்தது பிஎக்ஸ்இ-ஈ32. முகவரி வந்துவிட்டது, கோப்பு வரவில்லை. இந்தப் பிழை எண்களைப் பார்த்துப் பயப்படக் கூடாது. எந்தக் கட்டத்தில் வேலை நின்றது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பிழைச் செய்திகள் இன்றைய மென்பொருள்களில்கூடக் குறைவு. ஈ61 என்றால் கேபிளைப் பார், ஈ53 என்றால் கோப்பின் பெயர் போய்ச் சேரவில்லை, ஈ32 என்றால் டிஎஃப்டிபி. என் லேப்டாப்பில் ஃபயர்வால் ஓடிக்கொண்டிருந்தது. முகவரி கொடுக்கும் வாசலை நெட்வொர்க் மேனேஜரே திறந்துகொள்கிறது, டிஎஃப்டிபிக்கான வாசலான யுடிபி 69-ஐத் திறப்பதில்லை. அதைத் திறந்ததும் கோப்பு ஓடியது.

இந்த நேரத்தில் என் பக்கத்து லாகை (நடப்பதையெல்லாம் வரிசையாகப் பதியும் கோப்பை) திறந்து வைத்துப் பார்ப்பது ஒரு சுவாரசியம். பிஎக்ஸ்இலினக்ஸ் வந்து சேர்ந்ததும் தனக்கான அமைப்புக் கோப்பைத் தேடுகிறது. தன் லேன் சில்லின் எண்ணில் ஒரு கோப்பு உண்டா? இல்லை. தன் ஐபி முகவரியில் உண்டா? 10.42.0.57 என்பதைப் பதினாறடிமான எண்ணாக்கி 0ஏ2ஏ0039 என்று கேட்கிறது. இல்லை. கடைசி எழுத்தை விட்டுவிட்டு 0ஏ2ஏ003, அப்புறம் 0ஏ2ஏ00 என்று ஒவ்வொரு எழுத்தாகக் குறைத்துக்கொண்டே வருகிறது. லாக் முழுக்க 'கோப்பு இல்லை' என்று வரிசையாக விழும்போது புதியவர்கள் எல்லாம் போச்சு என்று நினைத்துவிடுவார்கள். பொறுமையாக இருங்கள். கடைசியில் 'டிஃபால்ட்' என்ற கோப்பைக் கேட்கும், அது இருக்கும். டெபியனின் நிறுவல் மெனு திரையில் வந்து நிற்கும்.

பிறகு எல்லாம் வழக்கமான கதைதான். இன்டெல் லேன் சில் என்பதால் தனி ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஏற்ற வேண்டிய சிறு நிரல்) கேட்கவில்லை. நெட்பூட் தொகுப்பில் ஃபர்ம்வேர் கிடையாது என்பதால் இது அதிர்ஷ்டம்தான். பென்டிரைவ் எதுவும் செருகாததால் எந்த டிஸ்கில் நிறுவுவது என்ற குழப்பமும் இல்லை, தெரிந்தது ஒன்றே ஒன்று. நிறுவியைத் தமிழிலேயே ஓட்ட வேண்டும் என்றால் வரைகலை நிறுவி உள்ள நெட்பூட் தொகுப்பை எடுக்க வேண்டும், எழுத்துத் திரையில் தமிழ் வராது. ராம் குறைவு என்பதால் நான் எழுத்துத் திரையோடு ஆங்கிலத்திலேயே முடித்துக்கொண்டேன்.

பாதி பேக்கேஜ் இறங்கும்போது கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி எப்போதோ செத்தது. திரும்ப எஃப்12, லேன், முதலிலிருந்து. இந்த முறை இன்வெர்ட்டர் லைனில் மாட்டினேன். டெஸ்க்டாப்பாக எல்எக்ஸ்க்யூடி போட்டேன், 1 ஜிபிக்கு அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

முடிந்த பிறகு வைஃபைக்கான ஐபிடபிள்யூ2200 ஃபர்ம்வேரைத் தனியாக நிறுவினேன். நிறுவும்போது உரிம ஒப்பந்தம் ஒன்றைக் காட்டி ஒத்துக்கொள்ளச் சொல்லும். இந்தச் சில்லுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், ரவுட்டரில் அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு லோஹித் எழுத்துரு, தட்டச்சுக்கான ஐபஸ், எம்17என் மூன்றையும் போட்டதும் தமிழ்99 விசைப்பலகை வந்துவிட்டது.

ஃபயர்ஃபாக்ஸ் திறக்க நேரம் எடுக்கிறது. "டைப் பண்ண எதுக்குடா அது" என்று பெரியப்பா அதைத் தொடுவதே இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32-பிட் நிறுவியே கிடையாது. அதனால் இந்த லேப்டாப் டெபியன் 12-ஓடு நிற்கும். நெட்பூட் தொகுப்பை நான் இன்னும் அழிக்கவில்லை. சித்தப்பா வீட்டுப் பரணிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறதாம்.