அம்பத்தூரிலிருந்து திரும்பி வந்த அவரை விதை

ஆடிப்பெருக்கன்று ஊன்றிய அவரை இன்று காலை பந்தலைத் தொட்டுவிட்டது. பச்சைக் காயின் ஓரத்தில் ஊதாக் கரை ஓடும் பந்தல் அவரை. மாமியார் மதுராந்தகத்திலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதை. சென்னை நங்கநல்லூரில் எங்கள் மொட்டை மாடியில் அது காய்க்காத தை மாதம் ஒன்றே ஒன்றுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கொடி முழுக்கப் பூவாக இருந்தது. இரண்டு நாள் மழையும் காற்றும் ஓய்ந்து மாடிக்குப் போனால், பந்தல் கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கொடி அடித்தண்டோடு முறிந்திருந்தது. செடி வளர்க்கும் பைகளில் தண்ணீர் விளிம்புவரை நின்றது. வீட்டில் வைத்திருந்த பழைய விதையிலும் வண்டு விழுந்து எல்லாம் ஓட்டை. மாமியார் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று நான் அழுதது செடிக்காக மட்டும் இல்லை.

எங்கள் தோட்டக் குழு மாதத்தின் முதல் ஞாயிறன்று யாராவது ஒருவர் மாடியில் கூடும். பதினைந்து பேருக்கு மேல் வந்ததில்லை. ஆடிக்கு முந்தைய கூட்டத்தில் மட்டும் ஆளுக்கொரு விதை கொண்டுவர வேண்டும். செய்தித்தாளில் மடித்து, மேலே எந்த மாதம் எடுத்த விதை என்று எழுதித் தரவேண்டும். புயலுக்கு முந்தைய ஆடியில் அம்பத்தூரிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்குப் பத்து அவரை விதை கொடுத்திருந்தேன். கொடுத்ததையே மறந்துவிட்டேன். மாசி மாதக் கூட்டத்துக்கு அவர் இரண்டு ரயில் மாறி, பழவந்தாங்கலில் இறங்கி வந்தார். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, “அக்கா, உங்கள் அவரை” என்றார். அவர் வீட்டில் கொடி தெற்குச் சுவரை ஒட்டிப் படர்ந்திருந்ததால் காற்றுக்குத் தப்பிவிட்டதாம். பொட்டலத்தில் நாற்பத்திரண்டு விதைகள் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எண்ணினேன்.

அதன் பிறகு நான் விதையை ஒரே வீட்டில் வைப்பதில்லை. முற்றிய காயைக் கொடியிலேயே காயவிட்டு, உரித்து, செம்மண் குழம்பில் புரட்டி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துகிறேன். மண் பூசிய விதையை வண்டு லேசில் துளைப்பதில்லை. பாதி எனக்கு, பாதி குழுவில் இரண்டு பேருக்கு.

அவரைக்கு ஆடிப்பட்டம் என்று பெரியவர்கள் சொன்னதில் காரணம் இருக்கிறது. பழைய நாட்டுக் கொடி அவரை, பகல் பொழுது குறையத் தொடங்கிய பிறகுதான் பூக்கும். குழுவில் ஒருவர் சித்திரையிலேயே ஊன்றிவிட்டு, ஆவணிவரை வெறும் இலையைப் பார்த்துச் சலித்து, “கொடியை வெட்டிவிடலாமா?” என்று கேட்டார். பொறுங்கள் என்று தடுத்தோம். ஐப்பசியில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. நாலு மாதம் ஊற்றிய தண்ணீர்தான் வீண்.

சென்னையில் இன்னொரு கணக்கும் உண்டு. நமக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. ஆகவே மாடித் தோட்டக்காரர்களுக்குப் புரட்டாசிதான் வேலை மாதம். சென்ற ஞாயிறு எங்கள் மாடியில் கூடியபோது பேச்சை விட வேலையே அதிகம் நடந்தது. ஒவ்வொரு பையையும் சாய்த்து அடித்துளைகளில் குச்சி விட்டுப் பார்த்தோம். பாதித் துளைகளை வேர் அடைத்திருந்தது. பைகளை இரண்டிரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தோம். மாடியின் மழைநீர்க் குழாய் வாயிலிருந்து ஒரு கூடைச் சருகு வந்தது. நனைந்த மண் கல்லாகக் கனக்கும். பெரிய பைகளை மாடி நடுவில் நிறுத்தாமல், கீழே சுவரும் உத்தரமும் வரும் இடமாகப் பார்த்து நகர்த்துங்கள்.

புதிதாகப் பை நிரப்புபவர்களுக்கு என் கலவை: செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மட்கிய தொழு உரம் மூன்றும் சம அளவு. பைக்கு ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு. நார்க்கழிவை ஊறவைத்து, தண்ணீரை வடித்து, மறுபடி அலசிய பிறகே சேர்க்க வேண்டும். அதிலுள்ள உப்பும் கறையும் போகாவிட்டால் நாற்று கருகும்.

கீரை விதையை இப்போது திறந்த வெளியில் தூவாதீர்கள். ஒரே மழையில் எல்லாம் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும். சிறுகீரையும் அரைக்கீரையும் மழை விட்டதும் மார்கழிக் கடைசியில் மணலோடு கலந்து தூவினால் ஒரு மாதத்தில் கைக்கு வரும். அடைமழையில் இலை மஞ்சளானால் உடனே உரம் வைக்கவேண்டாம். வேர் தண்ணீரில் மூச்சுத் திணறுகிறது, சத்தும் கரைந்து ஓடியிருக்கிறது. முதலில் வடியட்டும். இரண்டு நாள் வெயில் கண்ட பிறகு மண்புழு உரம் போடலாம். வேப்பெண்ணெய்க் கரைசலையும் வெயில் நாளின் மாலையில் தெளியுங்கள். மழைக்கு முன் தெளித்தால் கழுவிக்கொண்டு போய்விடும்.

பந்தலை நான் இப்போது இடுப்பு உயரத்துக்கு மேல் கட்டுவதில்லை. குனிந்துதான் காய் பறிக்க வேண்டும். ஆனால் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, முந்தைய நாளே நானும் கணவரும் நான்கு கயிறுகளை அவிழ்த்து, பந்தலைக் கொடியோடு தரையில் படுக்க வைத்து, மேலே செங்கல் ஏற்றினோம். பூ நிறைய உதிர்ந்தது. தண்டு பிழைத்தது. தைப் பொங்கலன்று கூட்டுக்கு எங்கள் அவரைதான்.

இந்த ஆண்டும் கயிற்றில், இழுத்தால் அவிழும் உருவு முடிச்சுத்தான் போட்டிருக்கிறேன். அம்பத்தூர்ப் பெண் நேற்று தொலைபேசியில் அழைத்தார். அவர் வீட்டுக் கொடியில் முதல் மொட்டு வந்துவிட்டதாம், எனக்கு முன்பே.