பெயரற்ற ஒரு பழைய சட்டகம்

பழைய பொருள்களை வாங்கி விற்கும் கரோசெல் இணையத்தளத்தில் மலிவாகக் கிடைத்த, சின்னம் ஏதுமற்ற பழைய எஃகு ரேஸ் சைக்கிள் சட்டகம் ஒன்று இப்போது சிங்கப்பூரின் ஜூரோங்கில் உள்ள எங்கள் வீட்டு வரவேற்பறையை நிறைத்திருக்கிறது. வண்ணத்தையும் ஸ்டிக்கரையும் எவரும் மாற்றிவிட முடியும் என்பதால், சட்டகம் எந்த வகை என்று அறிய நான் அளவுகளையே நம்புகிறேன். பெடல் அச்சு அமரும் கூட்டின் அகலம் 68 மில்லிமீட்டராகவும் வலப்பக்க மரை இடஞ்சுழியாகவும் இருந்தால் அது ஆங்கிலேய முறை. 70 மில்லிமீட்டரும் இருபுறமும் வலஞ்சுழி மரையும் இருந்தால் இத்தாலிய முறை. இது முதல் வகை. இருக்கையைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட்டின் விட்டம் 25.4 மில்லிமீட்டர்தான், உயர்ரக மெல்லிய குழாய்களில் பெரும்பாலும் காணப்படும் 27.2 இல்லை என்பதால், இது தடித்த சாதாரணக் குழாய் என்றே கொள்கிறேன், ஆனாலும் பற்றவைப்பு நேர்த்தியாக இருக்கிறது. உடன் வந்த, சங்கிலியை நகர்த்திக் கியர் மாற்றும் ஷிமானோ டிரெய்லியரின் பின்புறத்தில் பொறித்துள்ள 'எச்', 'ஏ' எழுத்துகள் 1983 ஜனவரியைக் குறிக்கின்றன.

நம் ஊர் ஈரப்பதத்தில் துரு குழாய்க்குள்ளேயும் வளரும் என்பதால், உட்புறம் முழுவதும் துருத்தடுப்பு எண்ணெய் பூசினேன். பழைய 27 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் 700சி சக்கரம் பொருத்தினால், விளிம்பின் விட்டம் 630இலிருந்து 622 மில்லிமீட்டராகக் குறைவதால், பிரேக் கட்டைகள் 4 மில்லிமீட்டர் கீழிறங்க வேண்டும். பிரேக் கை அதுவரை எட்டுமா என்று அளந்த பிறகே சக்கரம் வாங்குவேன்.