வார்டிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு: டி.பி. மாத்திரையோடு ஆறு மாதம்

பதின்மூன்று நாள் வார்டில் இருந்துவிட்டு 2025 பிப்ரவரி கடைசியில் வீட்டுக்கு வந்தேன். ஆட்டோ நின்ற இடத்திலிருந்து எங்கள் லைன் வீட்டு வாசலுக்கு நாற்பது அடி இருக்கும். நடுவில் துணி துவைக்கும் கல்லில் ஒருமுறை உட்கார்ந்துதான் போய்ச் சேர்ந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, "என்ன காய்ச்சலுங்க?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் "நிமோனியாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றுவதற்கு அப்புறம் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

எனக்கு வந்தது டி.பி. என்கிற காசநோய், நுரையீரலில். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லராக இருக்கிறேன். தீபாவளி கழிந்து இருமல் ஆரம்பித்தது. பஞ்சுத் தூசி என்று நினைத்தேன். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஐந்து வாரம் டானிக்கும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்கள், சளியை எடுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது எனக்கும் தெரியாது. பொங்கல் முடிந்து சளியில் ரத்தம் வந்தது. அரசு மருத்துவமனைக்குப் போகும்போது எடை 37 கிலோ, ஆக்சிஜன் 91, பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லை. தமிழ்நாட்டில் 2022-லிருந்து காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. நோய் தெரிந்ததுமே எடை, மூச்சு, நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவர்களை உடனே வார்டில் சேர்க்கிறார்கள். அப்படித்தான் எனக்குப் படுக்கை கிடைத்தது.

வார்டில் நான் எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நேரத்துக்கு சிஸ்டர் வந்து மாத்திரை கொடுப்பார், முன்னால் நின்று விழுங்க வைப்பார். வீட்டுக்கு வந்தால் அந்தப் பொறுப்பு முழுக்க நம் கைக்கு வருகிறது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் இரண்டு மாதம் ஒரே மாத்திரைக்குள் நான்கு மருந்து. எடையைப் பார்த்து எண்ணிக்கை சொல்வார்கள், எனக்கு மூன்று. காலையில் வெறும் வயிற்றில். ஓர் அட்டையில் 28 இருக்கும். ஒன்பது நாளில் 27 போய்விடும், ஒன்று மிஞ்சும். பத்தாம் நாள் அந்த ஒன்றோடு புது அட்டையில் இரண்டைச் சேர்க்க வேண்டும். அரைத் தூக்கத்தில் அந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிடக் கூடாது என்று, முந்தின இரவே மூன்றையும் எடுத்து ஒரு சில்வர் கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது அந்த நான்கில் ஒன்றான ரிஃபாம்பிசின் மருந்தின் சாயம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கண் மஞ்சளித்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே ஓடி வர வேண்டும் என்றார் டாக்டர். ஈரல் சம்பந்தப்பட்டது, காத்திருக்கக் கூடாது.

இன்னொன்றும் சொன்னார். எத்தாம்புட்டால் என்ற மருந்து சிலருக்குப் பார்வையைப் பாதிக்கும், சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிவது குறையும். எங்கள் தொழிலே நிறம்தானே. வீட்டில் கிடந்த சிவப்பு நூல் கோன் ஒன்று, பச்சைக் கோன் ஒன்று, இரண்டையும் ஜன்னல் திட்டில் வைத்து, தினமும் மாத்திரை போட்டதும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்பேன். ஆறு மாதமும் சிவப்பு சிவப்பாகவே தெரிந்தது.

எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும். மகளுக்கு நான்கு வயது. தனியாகப் படு என்றால் எங்கே படுப்பது? டிஸ்சார்ஜ் அன்று டாக்டரிடம், "தாம்பரம் சானடோரியத்துக்கே போயிடட்டுங்களா?" என்று கேட்டேன். டி.பி.க்காரர்கள் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி அது. அவர் உட்கார வைத்துப் பேசினார். சென்னையிலேயே 1956-ல் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்றார். பிற்பாடு நானும் தேடிப் படித்தேன். 193 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு சானடோரியத்தில் மருந்து, மறு பாதியினருக்கு அவரவர் வீட்டில். நெருக்கடியான வீடுகள், சாப்பாடும் குறைவு. அப்படியும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களையும் ஐந்து வருடம் கவனித்தார்கள், அவர்களுக்கும் கூடுதலாக நோய் வரவில்லை. உலகம் முழுக்க டி.பி.க்காரர்கள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுவதற்கு வழி திறந்தது இந்த ஆய்வுதானாம். எங்களைப் போலவே ஒற்றை அறையில் இருந்து குணமானவர்கள் என்று நினைக்கும்போது எனக்கு அழுகை வந்தது.

சரி, கொஞ்ச நாளைக்கு ஜன்னல் பக்கம் என் பாய், சமையல்கட்டில் அவர்கள் இருவரும். ஜன்னல் மூடுவதே இல்லை, வாயில் மாஸ்க். மகளுக்கும் எக்ஸ்ரே எடுத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகு ஆறு மாதத்துக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். என் அத்தை மட்டும் எனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் தனியாக எடுத்து வைத்தார். அவருக்கு இது இன்னும் சயரோகம்தான். பாத்திரத்தில் ஒட்டாது, காற்றில்தான் பரவும் என்று சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், தட்டை மாற்றவில்லை. ஆனால் அந்தத் தட்டில் தினமும் இரண்டு வேகவைத்த முட்டையும், அரிசிம்பருப்புச் சோற்றின் மேல் ஒரு கரண்டி நெய்யும் வந்தது. சாப்பாட்டுக்கென்று அரசு மாதம் 1000 ரூபாய் கொடுக்கிறது, 2024 நவம்பருக்கு முன்பு அது 500. அந்தப் பணம் முட்டைக்கும் கடலைக்கும் பாலுக்கும் போனது.

ஏப்ரலில் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. மாத்திரை மாறியது, மூன்று மருந்து, இன்னும் நான்கு மாதம். எடை 42. இருமல் இல்லை, பசி எடுத்தது. உண்மையில் என்னைப் பொறுத்தவரை ஆபத்தான காலம் இதுதான். வார்டில் கிடந்தபோது மாத்திரையை விட வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

மே மாதம் தாராபுரம் பக்கம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. மூன்று நாள் தங்கல். வீடு நிறையச் சனம். மாத்திரை அட்டையைச் சேலைக்கு நடுவில் மடித்துப் பைக்குள் வைத்திருந்தேன். முதல் நாள் காலை பையைத் திறக்கும்போது பெரியவர் ஒருவர், "என்ன மாத்தரை சாமி?" என்று கேட்டார். "சத்து மாத்தரைங்க" என்று சொல்லி மூடிவிட்டேன். அன்று போடவில்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் பெரிய பயத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் எங்களைக் கவனித்துக்கொள்ளும் டி.பி. பணியாளருக்கு போன் போட்டேன். வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கம் கேட்கும் என்பதற்காக, என் வேண்டுகோளுக்கு இணங்கி எப்போதும் மெயின் ரோட்டு பேக்கரியில்தான் வந்து பார்ப்பார். நான் அழுதபடி சொன்னேன். திட்டவில்லை. "விட்ட மூணு நாளைக் கடைசில சேர்த்துக்கலாங்க்கா. சொன்னீங்க பாருங்க, அதுதான் வேணும்" என்றார். அப்புறம் விளக்கினார். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும், பிறகு இந்த மாத்திரையே வேலை செய்யாமல் போகலாம். "வீட்டுக்காரர் தவிர இன்னும் ஒருத்தருக்காவது தெரியணுங்க்கா" என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். நிமோனியா இல்லைங்க, டி.பி. என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்கப்பன் அதுலதானுங்க போனாரு. எனக்கு அப்போ பத்து வயசு" என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரைத் தட்டி, "ஆச்சுங்களா?" என்று கேட்டார். "ஆச்சுங்க்கா" என்றேன். கடைசி நாள் வரை அந்தத் தட்டல் நிற்கவில்லை. மெல்ல மகளும் எனக்கு முன்னால் பதில் சொல்லப் பழகிக்கொண்டாள்.

ஜூனில் வேலைக்குப் போனேன். முதலில் அரை நாள்தான். பெடலை மிதிக்கும்போது வலது காலில் எறும்பு ஊர்வது போலிருந்தது, மரத்தும் போனது. உட்கார்ந்து பழக்கம் விட்டுப்போச்சு என்று விட்டுவிடாமல் போய்ச் சொன்னேன். மாத்திரையில் இருக்கும் ஐசோனியாசிட் என்ற மருந்து நரம்பைத் தொடும் என்று வைட்டமின் பி6 மாத்திரை எழுதினார்கள். மூன்று வாரத்தில் குறைந்தது. ஒன்றரை ஷிப்ட் பார்க்க இன்னும் என்னால் முடியவில்லை. சனிக்கிழமைச் சம்பளத்தில் அது தெரிகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நுரையீரலில் தழும்பு இருக்கிறது, எக்ஸ்ரேயில் அந்த நிழல் தெரியத்தான் செய்யும், அதை நோய் என்று நினைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும்.

மொத்தம் 168 நாள் மாத்திரை. நான் விட்ட மூன்று நாளையும் சேர்த்து ஆடிப் பதினெட்டு அன்று முடிந்தது. சளியில் கிருமி இல்லை, எடை 47. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பழக்கத்தில் எழுந்து, மகளின் மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்து வைத்தேன். கிண்ணத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "உன்னுது எங்கம்மா?" என்றாள்.

"முடிஞ்சுது கண்ணு."

அவளுக்கு இன்னும் நான்கு வாரம் பாக்கி இருந்தது. சுவரில் தட்டல் கேட்டது. "எனக்கு மட்டும் ஆச்சுங்க!" என்று கத்தினாள்.