அறுந்த குரல்
1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில் ஆர்சன் வெல்ஸ் குழுவினர் நிகழ்த்திய செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு நாடகத்தை, விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் நேற்றிரவு மீண்டும் கேட்டேன். ஓட்டலொன்றிலிருந்து ஒலிக்கும் நடன இசையை இடைமறித்துச் செய்தி வருகிறது. பிறகு ஒன்றும் நடவாததுபோல் இசை தொடர்கிறது.

நான் எப்போதும் காத்திருப்பது, செவ்வாய்க்கிரகவாசிகள் வந்திறங்கும் குரோவர்ஸ் மில் என்ற ஊரின் காட்சிக்காகத்தான். நிருபராக நடித்த ஃபிராங்க் ரெடிக், 1937இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்தபோது பதிவான நேர்முக வர்ணனையைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தம் குரலைப் பழக்கிக்கொண்டவர். மூச்சிரைக்க, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழ, தீ தம்மை நெருங்குவதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாக்கியத்தின் நடுவில் அவர் குரல் அறுந்துபோகிறது. அதன்பின் சில நொடிகளுக்கு எதுவுமே இல்லை. திரைப்படத்தில் காட்சி இருண்டாலும் திரையாவது கண்முன் இருக்கும். வானொலியிலோ ஒலி நின்றால் அந்த உலகமே நின்றுவிடுகிறது, அவருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கேட்பவரே மனத்துக்குள் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. பின்னர் வரும் அறிவிப்பாளர், களத்திலிருந்து வரும் ஒலிபரப்பில் ஏதோ கோளாறு என்று பதற்றமின்றிச் சொல்கிறார். அந்த நிதானமான குரல், முந்தைய மௌனத்தைவிட என்னை அதிகம் நடுங்கவைத்தது.