இறுதிப் போட்டி இரவில் வெட்டிய வரி

அந்த வரியை வெட்டியது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். சொல்லிவிட்டு, பிறகு ஏன் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று என்னையே கேட்டுக்கொள்வேன்.

2018 ஜூலை 15. மாஸ்கோவில் கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பிரான்ஸ் 4-2 என்று குரோவேஷியாவை வென்று முடித்தபோது இங்கே மணி பத்தரையை நெருங்கியிருந்தது. எங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை முடிக்க அரை மணி நேரம்கூட இல்லை. பிரான்ஸ் பயிற்சியாளர் டிடியர் டெஷாம்ப்ஸ் பற்றிய பெட்டிச் செய்தியைத் தம்பி ஒருவன் எழுதியிருந்தான். வீரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பையை வென்றவர்களில், ஜகாலோ, பெக்கன்பவருக்குப் பிறகு மூன்றாமவர். அதெல்லாம் சரி. சிக்கல் முதல் வரியில்: "முன்னாள் பிரெஞ்சு வீரர் எரிக் கான்டோனா ஒருகாலத்தில் 'தண்ணீர் சுமப்பவர்' என்று ஏளனம் செய்த நடுக்கள வீரர்..."

"நம் வாசகர் கிரிக்கெட் பார்ப்பவர், தம்பி. பாட்டில் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பன்னிரண்டாவது ஆள் என்று நினைத்துவிடுவார்."

"விளக்கிவிடலாம், சார். பந்தைப் பறித்து ஜிடேன் போன்றவர்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்பவர் என்று ஒரே வரி."

"இடமில்லை."

'தற்காப்பு நடுக்கள வீரர்' என்று மாற்றினேன். பிழையில்லை, உப்பும் இல்லை.

அவன் எழுதிய கடைசிப் பத்தியையும் நீக்கினேன். 55ஆவது நிமிடம், பிரான்ஸ் 2-1 என்று முன்னிலை. மஞ்சள் அட்டை வாங்கித் தடுமாறிக்கொண்டிருந்த தற்காப்பு நடுக்கள வீரர் கான்டேயை வெளியே அழைத்து அன்சோன்சியை இறக்கினார் டெஷாம்ப்ஸ். அணியில் தன்னுடைய பழைய வேலையைச் செய்துகொண்டிருந்த ஆளையே. அடுத்த பத்து நிமிடங்களில் போக்பா ஒரு கோல், எம்பாப்பே ஒரு கோல். நானும் அதே தொலைக்காட்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாற்றம் என் கண்ணில் படவில்லை, அவன் கண்ணில் பட்டது. அந்த இடத்தில் எம்பாப்பேயின் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினோம். மறுநாள் கடைகளில் எல்லாரும் பார்த்தது அந்தப் படத்தைத்தான். அதனால் நான் செய்தது தவறில்லை.

கிளம்பும்போது அவன் கேட்டான்: "அந்த வேலையைச் செய்தவருக்குத்தானே, சார், அது எப்போது நடக்கவில்லை என்று தெரியும்?"

"நாளைக்கு எழுது" என்றேன். எங்கள் மேசையில் 'நாளைக்கு' என்பது 'வேண்டாம்' என்பதற்கு மரியாதையான சொல். அது அவனுக்கும் தெரியும்.

1998 இறுதிப் போட்டிக்கு நானே எழுதினேன். ஜிடேன் தலையால் அடித்த இரண்டு கோல்களுக்கு முழுப் பத்தி. கோப்பையைத் தூக்கிய அணித்தலைவர் டெஷாம்ப்ஸ் படக்குறிப்பில் மட்டும் இருந்தார். அன்று என் எழுத்தில் யாரும் கை வைக்கவில்லை.