துவாஸ் லிங்க் வரை

6 அக்டோபர் 2025, திங்கள்

விடிவதற்குள் சாங்கி. ஜகார்த்தா விமானத்துக்கு வரிசையில் நிற்கும்போது வேலைக்கடிதம் வந்தது. சிங்கப்பூரின் மேற்குக் கோடியில், துவாஸில் ஒரு பொட்டலத் தொழிற்சாலை, பராமரிப்பும் கிடங்கும் என் பொறுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் அவர்களுக்கே நாங்கள் ஆலோசனை சொல்லியிருக்கிறோம். அடிப்படைச் சம்பளத்தில் சின்ன வெட்டு, போனஸ் பாதி.

கன்சல்டிங்கில் எட்டு வருஷம் ஆகிவிட்டது. ஒரே படியில் நிற்க விடமாட்டார்கள். ஏற வேண்டும், இல்லை கிளம்ப வேண்டும். எனக்கு அடுத்த படி பார்ட்னர், அதாவது பங்குதாரர். அங்கே வேலை பார்ப்பதைவிட கிளையன்ட் பிடிப்பதுதான் வேலை. எனக்கு அது வராது.

8 அக்டோபர், புதன்

என் கணவர் எக்செல் திறந்துவிட்டார். ஓய்வுக்காலத்துக்குச் சேரும் மத்திய சேம நிதியில் மாதாமாதம் ஒரு காசும் குறையாதாம். அதற்குக் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பள உச்சவரம்பு 7,400 வெள்ளி (டாலர்). பழையதும் புதியதும் அதற்கு மேலே. முதலாளி போடும் 17 விழுக்காடு எங்கே இருந்தாலும் 1,258 வெள்ளிதான். ஜனவரியில் வரம்பு 8,000 ஆனாலும் இதே கதை.

உதைப்பது வருமான வரி. இங்கே போன வருஷச் சம்பாத்தியத்துக்கு இந்த வருஷம்தானே வரி? குறைந்த சம்பளத்தில் உட்கார்ந்துகொண்டு கொழுத்த வருஷத்தின் வரியை கைரோவில், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி, பன்னிரண்டு தவணையாகக் கட்ட வேண்டும். அதற்குத் தனியாகப் பணம் எடுத்து வைக்கச் சொன்னார். சரி என்றேன்.

14 அக்டோபர், செவ்வாய்

லீவு போட்டுவிட்டுத் தொழிற்சாலையைப் பார்க்கப் போனேன். தெம்பனிஸில் ஏறினால் கடைசி நிலையமான துவாஸ் லிங்க் வரை ரயில் மாற வேண்டாம், ஆனால் தீவின் அந்தக் கோடி. ஒரு மணி நேரத்துக்கும் மேல். தினமும் முடியுமா?

பராமரிப்புப் பட்டறையில் ஒரு தமிழ் அண்ணன், ஓய்வுக்குப் பக்கத்தில் இருப்பவர். காலியாகக் கிடந்த ஒரு இரும்பு அலமாரியைக் காட்டினார்.

"முன்னாடி இதுல ஒரு கியர்பாக்ஸ் இருந்துச்சும்மா. யாரோ ஆபீஸ் ஆளுங்க வந்து, மூணு வருஷமா அசையலை, வித்துடுங்கன்னாங்க. இந்த ஜூன்ல லைன்ல இருந்தது போயிடுச்சு. ஜெர்மனியிலேர்ந்து வர அஞ்சு வாரம்."

அந்த ஸ்லைடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நான்தான் போட்டேன். வருஷக்கணக்கில் அசையாத உதிரிப்பாகத்துக்கெல்லாம் சிவப்பு, முடங்கிய பணம் எவ்வளவு என்று கீழே ஒரு பெரிய எண். எத்தனை முறை எடுத்தார்கள் என்று பார்த்தோமே தவிர, அது இல்லாவிட்டால் தயாரிப்பு லைன் எத்தனை நாள் நிற்கும், புதியது வர எத்தனை வாரம் என்று பார்க்கவில்லை. தீயணைப்புக் கருவியும்தான் வருஷக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. அறிக்கையைக் கைதட்டி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரமே நான் வேறு கிளையன்ட், வேறு ஊர். ஜூனில் இங்கே லைன் நின்றது எனக்குத் தெரியவே தெரியாது.

"அது நாங்கதான் அண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"அப்ப நீங்களே வந்து வாங்கி வைங்க" என்றார். அப்புறம் கேன்டீனில் தே தாரிக் வாங்கிக் கொடுத்தார். என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

20 அக்டோபர், தீபாவளி

வீடு நிறைய ஆள். "ஃபேக்டரியா?" என்று அத்தை இரண்டு முறை கேட்டார். முறுக்கு நன்றாக வந்திருந்தது.

24 அக்டோபர், வெள்ளி

ஆலை மேலாளரிடம் ஒரே கேள்வி கேட்டேன்: உதிரிப்பாகம் வாங்க வட்டாரத் தலைமையகத்தைக் கேட்க வேண்டுமா? 50,000 வெள்ளி வரை என் கையெழுத்து போதும் என்றார். இதையும் எழுத்தில் கேட்டு வாங்கினேன். எட்டு வருஷப் பழக்கம்.

மார்ச் போனஸ் வரும்வரை பொறுக்கச் சொன்னார் கணவர். அவர்களுக்கோ ஜனவரிக்கே ஆள் வேண்டும். மூன்று மாத நோட்டீஸ், அப்படியானால் இன்றே சொல்லியாக வேண்டும். போனஸ் போனது போனதுதான். மதியம் கையெழுத்துப் போட்டேன்.

நாலு மணிக்குப் பார்ட்னர் அறைக்குப் போனேன். வருத்தப்பட்டார், வாழ்த்தினார். எல்லாம் ஐந்து நிமிஷம். அப்புறம், ஜகார்த்தா ஸ்லைடுகளைத் திங்களுக்குள் முடித்துவிடுவாய்தானே என்று கேட்டார்.

அதில் பக்கம் 14 கிடங்குக் கையிருப்பு. இன்று இரவு அதைத்தான் திருத்த உட்கார்ந்திருக்கிறேன்.